மாற்றுத்திறனாளிகளோடு நாடகம் வழியாக ஆய்வு: சாட்ஸ்வொர்த்தில் எப்படித் தொடங்குவது?

நெல்லைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் திருநெல்வேலிப் பக்கம், கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்தவள், இங்கே இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் வாரக்கடைசித் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வகுப்புப் பையன் ஒருவனின் அக்கா சக்கர நாற்காலியில் இருப்பவள். அவள் மூலமாக இந்தப் பக்கத்து மாற்றுத்திறனாளி இளைஞர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்கிற அம்மாக்கள், ஆயாக்கள் என்று ஒரு சின்னக் கூட்டம் பழக்கமானது. பேசப் பேசத்தான் தெரிகிறது, இவர்கள் எங்கே போனாலும் ஓரமாகத்தான் நிற்க வேண்டியிருக்கிறது. பலபேர் சேர்ந்து போகிற மினிபஸ் டாக்சி, நாற்காலியைப் பார்த்தால் நிற்காமல் போகிறது, நின்றாலும் நாற்காலிக்கு இன்னோர் ஆள் காசு கேட்கிறார்கள். பள்ளியில் இடமில்லை, காத்திருப்போர் பட்டியல் என்கிறார்கள். கோயிலில் படி. காவடி நாளில் "கூட்டம் அதிகம்மா, வீட்டிலேயே சாமி கும்பிட்டுக்கொள்ளட்டும்" என்று அன்பாகச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள், அந்த அன்புதான் இன்னும் வலிக்கிறது என்றாள் அந்தப் பெண்.

இதற்குக் கொஞ்சம் நிதி கிடைக்கும் போலிருக்கிறது. ஆனால் "பங்கேற்புச் செயலாய்வு" முறையில், அதாவது பாதிக்கப்பட்டவர்களே ஆய்வாளர்களாகவும் இருந்து, கண்டுபிடித்ததைச் செய்தும் பார்க்கிற முறையில், நாடகத்தையும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. எங்கள் சங்கத் தலைவர் உடனே ஒரு யோசனை சொன்னார்: ஆண்டு விழாவில் வகுப்புப் பிள்ளைகளை மாற்றுத்திறனாளிகளாக நடிக்க வைத்து ஒரு விழிப்புணர்வு நாடகம் போடலாம், கடைசியில் ஒரு பாட்டு, கைதட்டல், போட்டோ. எனக்கு அது என்னவோ போல இருக்கிறது, ஆனால் அவரிடம் மறுத்துச் சொல்லச் சரியான வார்த்தை கிடைக்கவில்லை. இந்த மாதிரி வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: எங்கே தொடங்குவது? நாடகம் ஆய்வாக எப்படி மாறுகிறது? இன்னொன்று, பெரியவர்களுக்கு வீட்டுத் தமிழ், இளையவர்களுக்கு ஆங்கிலம், பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வரும் இரண்டு மூன்று அம்மாக்களுக்கு இந்த ஊர்க் கறுப்பின மக்களின் மொழியான ஸுலு. எந்த மொழியில் நடிப்பது?

---

கட்டியங்காரன் பதில்:

தங்கச்சி, முதல் வேலையாக அந்த ஆண்டு விழா நாடகத்தை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

காரணம் சொல்கிறேன். பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்தோ போவால், 'ஒடுக்கப்பட்டோர் அரங்கு' என்ற முறையை உருவாக்கியவர், தன் இளமைக் காலக் கதை ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார். அவருடைய குழு வடகிழக்குப் பிரேசில் கிராமம் ஒன்றுக்குப் போய், நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம், போராடுவோம் என்று துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்துப் பாடி முடித்திருக்கிறது. பார்த்துக்கொண்டிருந்த விவசாயி ஒருவர் மனம் உருகி, வாருங்கள், இப்போதே போய் நிலத்தைப் பிடித்திருக்கிறவர்களை விரட்டுவோம் என்று கூப்பிட்டார். இவர்கள் பதறிப்போய், ஐயா, இது நாடகத் துப்பாக்கி, சுடாது என்றார்கள். பரவாயில்லை, எங்களிடம் நிஜத் துப்பாக்கி இருக்கிறது, நீங்கள் ஆள் மட்டும் வந்தால் போதும் என்றார் அவர். இல்லை, நாங்கள் கலைஞர்கள்தான் என்று இவர்கள் இழுத்தபோதுதான் அந்த மனிதருக்குப் புரிந்தது, சிந்தச் சொன்ன ரத்தம் கலைஞர்களுடையது இல்லை, தன்னுடையது என்று. அதற்குப் பிறகு, மற்றவர்களுக்கு வழி சொல்லும் நாடகத்தைத் தன்னால் போட முடியவில்லை என்றார் போவால். உங்கள் தலைவரின் யோசனையும் இதே ரகம்தான், துப்பாக்கி மட்டும் இல்லை.

நானும் ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின் கலைப்பயணங்களில் ஆடியவன்தான், 90களின் தொடக்கம். அது பெரிய வேலை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே செய்தி நம்மிடம் இருந்தது, மக்களிடம் கொண்டு போனோம். உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். செய்தி அவர்களிடம் இருக்கிறது.

நாடகம் ஆய்வாவது எப்படி என்றீர்கள். இந்த நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. 1980 வாக்கில் ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஒரு வார்ப்பட ஆலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களைச் சட்டவிரோதம் என்று கைது செய்தார்கள். அவர்களுடைய வக்கீலுக்கு அன்று என்ன நடந்தது என்பது தெளிவாகப் பிடிபடவில்லை, ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். சரி, நடித்துக் காட்டுங்கள் என்றார். யார் எங்கே நின்றார்கள், மேலாளர் என்ன சொன்னார், போலீஸ் எந்தப் பக்கமாக வந்தது என்று ஒருவரையொருவர் திருத்திக்கொண்டே நடித்ததில் நடந்தது முழுசாக வெளியே வந்தது. அது வழக்குக்கும் உதவியது, பிறகு நாடகமாகவும் வளர்ந்தது. கொஞ்ச வருஷத்தில், 1983இல், நம் டர்பனிலேயே டன்லப் ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் கதையைத் தாங்களே நாடகமாக்கினார்கள். இரண்டிலும் வெளியிலிருந்து நாடகக்காரர்கள் உதவினார்கள், ஆனால் கதை ஆலைக்காரர்களுடையது. நடிக்கும்போது, "இல்லை இல்லை, அவர் அப்போது உட்கார்ந்திருந்தார்" என்று ஒருவர் குறுக்கே சொல்கிறாரே, அந்த இடத்தில்தான் ஆய்வு நடக்கிறது. பேட்டியில் அது கிடைக்காது.

மொழிக்குப் பயப்படாதீர்கள். முதல் சில சந்திப்புகளில் பேச்சே வேண்டாம். 'சிலை அரங்கு' என்று ஒரு வழி. "டாக்சி நிறுத்தம்" என்று சொல்லிவிட்டு, ஒருவர் மற்றவர்களை வைத்து ஓர் அசையாத காட்சியை அமைக்க வேண்டும், யார் எங்கே, யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்று. அப்புறம், அது எப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்று இன்னொரு சிலை. முதல் சிலையிலிருந்து இரண்டாவதுக்கு யார் முதலில் நகர வேண்டும் என்று கேளுங்கள். ஸுலுவோ தமிழோ, எல்லோருக்கும் புரியும்.

அதிலிருந்து ஒரு சின்ன நாடகம் கட்டுங்கள், தோல்வியில் முடிகிற மாதிரி. ஒருமுறை முழுசாக நடித்துக் காட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து நடியுங்கள். இந்த முறை பார்ப்பவர்களில் யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று சொல்லி மேடையேறி, பாதிக்கப்பட்டவர் இடத்தில் நின்று வேறு ஏதாவது செய்து பார்க்கலாம். மற்ற நடிகர்கள் விட்டுக்கொடுக்காமல் எதிர்த்து நிற்க வேண்டும். இதுதான் மன்ற அரங்கு. நடுவில் நின்று கேள்வி கேட்டு ஓட்டுகிறவருக்குப் போவால் வைத்த பெயர் ஜோக்கர், நமக்குத் தெரிந்த கட்டியங்காரன்தான். இந்த ஊரில் கரும்புத் தோட்டத்துப் பெரியவர்கள் சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று சொல்வார்களே, நம் தெருக்கூத்து, அதில் ராஜாவைக் கிண்டல் பண்ணிக்கொண்டே சனங்களிடமும் பேசுகிற ஆள். ஆயாக்களிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள்.

---

ஆய்வுமேசை பதில்:

அண்ணன் சொன்னதோடு சில விஷயங்கள். நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பல்கலைக்கழகப் பக்கம் இருப்பவள், பிறந்தது யாழ்ப்பாணம்.

நாடகம் ஆய்வின் வாலாக இருக்கக் கூடாது. பலபேர் செய்வது இதுதான்: பேட்டி எடுப்பார்கள், அறிக்கை எழுதி முடிப்பார்கள், கடைசியில் "மக்களிடம் திரும்பக் கொண்டு போகிறோம்" என்று ஒரு நாடகம் போடுவார்கள், விண்ணப்பத்தில் பங்கேற்பு என்று எழுதிவிடுவார்கள். பங்கேற்புச் செயலாய்வில் முதல் சோதனையே கேள்வி யாருடையது என்பதுதான். நெல்லைக்காரி அக்கா, நீங்கள் டாக்சி, பள்ளி, கோயில் என்று மூன்று சொன்னீர்கள். அவர்கள் கூடி உட்கார்ந்து, "எங்களுக்கு முதலில் கிளினிக்தான்" என்று சொன்னால் உங்கள் பட்டியலை ஓரமாக வைக்க நீங்கள் தயாரா? நிதி தருகிறவர் தயாரா? இதை எழுத்தில் இப்போதே கேட்டு வையுங்கள்.

கொலம்பியாவில் ஒர்லாந்தோ ஃபால்ஸ் போர்டா என்ற சமூகவியலாளர் பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு, 70களில் கரீபியக் கரையோர விவசாயிகளோடு நிலப் போராட்டத்துக்குள் இருந்து வேலை செய்தார். இந்த ஆய்வு முறை உலக அளவில் பேசப்பட்டதில் 1977இல் கார்த்தஹேனாவில் நடந்த மாநாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு, அதைக் கூட்டியதில் அவர்தான் முக்கியமானவர். எனக்குப் பிடித்தது மாநாடு இல்லை. விவசாயிகள் சொன்ன போராட்டக் கதைகளை ஓர் ஓவியரோடு சேர்ந்து படக்கதைப் புத்தகங்களாக்கி, அவர்களிடமே கொடுத்தார்கள். வாசிக்கத் தெரியாதவர்களும் படத்தைப் பார்த்து, இது இப்படி நடக்கவில்லை, என் அப்பா அந்தப் பக்கம் நின்றார் என்று திருத்தலாம். கண்டுபிடித்ததை அதற்குச் சொந்தக்காரர்களிடமே திருப்பிக் கொடுத்துச் சரிபார்ப்பது. உங்கள் நாடகம் செய்ய வேண்டிய வேலையும் அதுவே.

பதிவு எப்படி என்றால், மேடையேறி ஒருவர் மாற்றிச் செய்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் குழுவிலேயே இரண்டு பேர் குறித்துக்கொள்ள வேண்டும். என்ன செய்து பார்த்தார், எது தடுத்தது, பார்வையாளர் எங்கே சிரித்தார்கள், எங்கே அடங்கிப்போனார்கள். அடுத்த சந்திப்பில் அதை எல்லோருமாக வாசித்து, இதில் எதை வெளியே நிஜமாகவே செய்து பார்க்கலாம் என்று முடிவு செய்யுங்கள். செய்து பாருங்கள். திரும்பி வந்து அதையும் நடித்துப் பாருங்கள். இப்படிச் சுற்றிச் சுற்றிப் போவதுதான் முறை. அறிக்கை கடைசியில்தான், அதிலும் எழுதியவர்கள் பெயரில் அவர்கள் பெயரும் இருக்க வேண்டும், விரும்பினால்.

ஒரே ஓர் எச்சரிக்கையைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். சாட்ஸ்வொர்த்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். யாரும் தன் கதையைத் தன் பெயரில் மேடையில் நடிக்க வேண்டாம். மூன்று நான்கு பேர் கதையைக் கலந்து, பெயர் மாற்றி, ஒரு புதுப் பாத்திரம் செய்யுங்கள். ஒரு பெண் தன் மாமியார் வீட்டில் தன்னை விருந்தாளி வரும்போதெல்லாம் பின் அறையில் வைத்துவிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, நாடகம் முடிந்து அதே வீட்டுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும், நீங்கள் கூடப் போக முடியாது. சம்மதம் என்பது ஒரு தாளில் முதல் நாள் வாங்கும் கையெழுத்து இல்லை, ஒத்திகையில் ஒருமுறை, மேடைக்கு முன் ஒருமுறை கேளுங்கள், கடைசி நிமிஷத்தில் வேண்டாம் என்றால் அந்தக் காட்சியை எடுத்துவிடுங்கள். போன் வீடியோ கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். வாட்ஸாப்பில் போன பிறகு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டிப் பிரயோஜனமில்லை.

பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்தால், ஆய்வுக்கு அனுமதி தருகிற நெறிமுறைக் குழு உங்கள் கேள்விகளை முன்கூட்டியே கேட்கும். கேள்வியே மக்களிடமிருந்துதான் வரும் என்றால் முழிப்பார்கள். கட்டம் கட்டமாக அனுமதி கேட்டு விண்ணப்பியுங்கள், முதல் கட்டத்தில் கேள்வி கண்டுபிடிப்பது மட்டும்.

---

ஃபீனிக்ஸ் பையன் பதில்:

நான் இங்கே பிறந்தவன், தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் நாற்காலியில் இருக்கிறேன்.

அண்ணா, அக்கா, நீங்கள் இரண்டு பேரும் நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் அந்த மன்ற அரங்கு பற்றி எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. ஒருமுறை அந்த மாதிரி ஒரு நிகழ்ச்சிக்குப் போனேன். டாக்சி நிற்காமல் போகிறது, அதுதான் காட்சி. பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து என் இடத்தில் உட்கார்ந்து எனக்கு வழி காட்டினார்கள். ஒருவர் டிரைவரிடம் சிரித்துப் பேசினார். ஒருவர் சட்டம் பேசினார். ஒரு ஆன்ட்டி "முன்னாடியே போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் பின்னால் உட்கார்ந்துகொண்டு நினைத்தேன், அப்படியென்றால் டாக்சி நிற்காதது என் தப்பா? நான் சரியாகச் சிரிக்கவில்லையா? நடக்கிறவர் இரண்டு நிமிஷம் என் நாற்காலியில் உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார், எழுந்து!

"எங்களைப் பற்றியது எதுவும் நாங்கள் இல்லாமல் வேண்டாம்" என்ற கோஷம் உலகம் பூராவும் போனது, 90களில் அதைத் தென்னாப்பிரிக்க மாற்றுத்திறனாளிகள் சொல்லக் கேட்டுத்தான் அமெரிக்கக்காரர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். இங்கே அரசியல் சாசனத்தில் சமத்துவம் பற்றிய 9ஆம் பிரிவில் எங்கள் பேர் இருக்கிறது. எங்களையும் உள்ளடக்கிய கல்வி வேண்டும் என்று 2001இல் வெள்ளை அறிக்கை 6 என்ற அரசுக் கொள்கை வந்தது. காகிதத்தில் குறை ஒன்றும் இல்லை. எங்களுக்கு ஒத்திகை பார்க்கப் புது வசனம் வேண்டாம், பக்கத்தில் நிற்கிறவன் என்ன செய்வான் என்று தெரிய வேண்டும். டாக்சியில் ஏற்கனவே உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேர் என்ன செய்தார்கள்? அவர்கள் இடத்தில் ஏறி நடிக்கச் சொல்லுங்கள். அதைப் பார்க்க நான் வருவேன்.

---

நெல்லைக்காரி எழுதியது:

ஃபீனிக்ஸ் தம்பி, உங்கள் பதிலை எங்கள் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு, "அந்த ஆன்ட்டி எங்கள் ஆன்ட்டிதான் போல" என்றாள்.

கட்டியங்காரன் அண்ணா, இதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்? அப்புறம் தலைவர் விஷயம். அவரையும் கோயில் கமிட்டிக்காரர்களையும் முதல் நாளே கூப்பிட வேண்டுமா? கூப்பிட்டால் இவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். கூப்பிடாவிட்டால் அவருக்குத் தெரியாமல் ஏதோ நடக்கிறது என்று ஹால் சாவியையே தர மாட்டார்.

---

கட்டியங்காரன் பதில்:

தம்பி சொன்னது சரியான அடி. மன்ற அரங்கைச் சோம்பேறித்தனமாக நடத்தினால் அப்படித்தான் ஆகும். போவாலின் விதி என்னவென்றால், அதே ஒடுக்குமுறையை அனுபவிக்கிறவர்தான் பாதிக்கப்பட்டவர் இடத்தில் நிற்க வேண்டும். நடக்கிறவர் நாற்காலியில் ஏறக் கூடாது. அவர் மாற்றிச் செய்யக்கூடிய இடம் அவருடைய சொந்த இடம்தான்: சக பயணி, கியூவில் நிற்கிறவர், கமிட்டி உறுப்பினர், மாமியார். டிரைவர் பாத்திரத்தை மட்டும் மாற்ற விடாதீர்கள், டிரைவர் திடீரென்று நல்லவராகிவிட்டால் அது மந்திரம், நாடகம் அங்கேயே செத்துவிடும். ஆனால் டிரைவர் ஏன் நிற்பதில்லை என்று அவர் வாயால் கேட்கலாம். நடிப்பவரைப் பாத்திரத்திலேயே உட்கார வைத்துக் கூட்டம் கேள்வி கேட்கும். ஒரு நாளைக்கு எத்தனை டிரிப், முதலாளிக்கு எவ்வளவு கட்ட வேண்டும், நாற்காலியை ஏற்ற எவ்வளவு நேரம், அந்தக் கணக்கு வெளியே வந்துவிடும். அப்போதுதான் பிரச்சினை டிரைவர் குணத்திலா, டாக்சி ஓடுகிற ஏற்பாட்டிலா என்று தெரியும்.

சட்டம், விதி மாற வேண்டிய இடத்தில் ஆள் மாறிப் பயனில்லை என்பதும் போவாலுக்குத் தெரிந்திருந்தது. 1993 முதல் 1996 வரை ரியோ நகரசபையில் உறுப்பினராக இருந்தபோது, பகுதிபகுதியாக மன்ற அரங்கு நடத்தி, மேடையில் வந்த யோசனைகளை வக்கீல்களை வைத்து மசோதாவாக எழுதிச் சபையில் வைத்தார். பதின்மூன்று சட்டமானதாகச் சொல்வார்கள். அதில் எனக்கு மறக்காத ஒன்று, பார்வையற்றவர்கள் கொண்டுவந்தது: தெருவோரத் தொலைபேசிகளுக்கு மேலே பெரிய கூடு, கீழே ஒல்லிக் கம்பம், கைத்தடிக்குத் தட்டுப்படாது, தலை போய் இடிக்கும். கீழே கொஞ்சம் உயர்த்திய மேடை கட்டினால் தடி முதலில் அதில் படும். கண் தெரிகிற எந்த அதிகாரிக்கும் இது தோன்றியிருக்காது.

தலைவருக்கு வருவோம். முதல் நாள் வேண்டாம். ஆனால் மறைக்கவும் வேண்டாம். "ஐயா, இவர்கள் முதலில் தங்களுக்குள் பேசட்டும், தயாரானதும் உங்களைத்தான் முதல் பார்வையாளராகக் கூப்பிடுவோம்" என்று சொல்லிவிடுங்கள். முதல் வரிசை மரியாதை கொடுத்தால் சாவி தருவார், எனக்கு இந்த ஆட்களைத் தெரியும். எப்போது கூப்பிடுவது என்பதைக் குழு முடிவு செய்யட்டும். அவர் வந்து உட்காரும்போது காட்சி கோயில் படி. மேடையேறி அவர் இடத்தில் அவரே நின்று பார்க்கட்டும். ஆளைக் கேலி பண்ணாதீர்கள், கமிட்டியைக் கேளுங்கள்: சரிவுப்பாதைக்கு என்ன செலவு, யார் தருவது, காவடிக்கு முன்னால் முடியுமா? தேதி வாங்காமல் அவரை மேடையை விட்டு இறக்காதீர்கள்.

---

ஆய்வுமேசை பதில்:

இதோடு ஒன்று. 2021 ஜூலைக் கலவரத்தில், டர்பனில் இந்தியர் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் 36 பேர், பெரும்பாலும் கறுப்பினத்தவர், செத்த பிறகு இந்தியரும் ஸுலு மக்களும் ஒரே அறையில் உட்காரும்போது காற்றில் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். "ஒற்றுமை" என்று அதை முதல் நாளே தலைப்பாக்க வேண்டாம். அதே டாக்சி நிறுத்தம், அதே கிளினிக் வரிசை, அதே அரசு மானியத் தாள், அதிலிருந்து போங்கள். மற்றது வந்தால் தானாக வரும், அப்போது நிறுத்திக் கேட்க ஸுலு தெரிந்த ஒருவர் ஜோக்கர் இடத்தில் உங்களோடு சமமாக இருக்க வேண்டும், மொழிபெயர்ப்பாளராக மட்டும் இல்லை.

---

இரவு ஷிஃப்ட் அக்கா பதில்:

நான் நர்ஸ். பெரிய விஷயமெல்லாம் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் சின்னதைச் சொல்கிறேன், பாதி வேலை இதில்தான் விழும்.

இடம் கோயில் ஹால் வேண்டாம். நம் ஆட்களிலேயே பலபேர் சர்ச்சுக்குப் போகிறவர்கள், கோயில் என்றால் வர மாட்டார்கள், ஸுலு அம்மாக்கள் தயங்குவார்கள். பள்ளி ஹால் பாருங்கள், ஆனால் முதலில் கழிப்பறைக் கதவு எவ்வளவு அகலம் என்று நாற்காலியோடு போய் அளந்து பாருங்கள். கழிப்பறை போக முடியாத இடத்துக்கு வருகிறவர்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள், உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள். போக்குவரத்துக் காசும் சாப்பாடும் பட்ஜெட்டில் முதல் வரி. மானியம் வருகிற நாட்களில் கூட்டம் வைக்காதீர்கள், ஞாயிறு காலையும் வேண்டாம். அம்மாக்களை ஒரு மணி நேரம் பிள்ளையிடமிருந்து பிரித்துத் தனியாக உட்கார வையுங்கள், பிள்ளை முன்னால் "களைப்பாக இருக்கிறது" என்று எந்த அம்மாவும் சொல்ல மாட்டாள். பிள்ளைகளுக்கும் அம்மா இல்லாத நேரம் வேண்டும், அதைவிட முக்கியமாக.

காது கேளாதவர்கள் யாராவது இருக்கிறார்களா? 2023இல் சைகை மொழி இந்த நாட்டின் 12ஆவது அதிகாரபூர்வ மொழியாகிவிட்டது, ஆனால் சனிக்கிழமை மத்தியானம் சாட்ஸ்வொர்த்துக்கு வரத் தயாரான மொழிபெயர்ப்பாளரைப் பிடிப்பது வேறு கதை. இப்போதே தேட ஆரம்பியுங்கள்.

---

நெல்லைக்காரி எழுதியது:

கழிப்பறைக் கதவை அளந்தாயிற்று அக்கா, போகாது. வேறு பள்ளி பார்க்கிறோம். தலைவர் முதல் வரிசை என்றதும் சரி என்றுவிட்டார், விழா நாடகம் இந்த வருஷம் கிடையாது.

கேள்வியை அவர்களே முடிவு செய்தார்கள். டாக்சி இல்லை, பள்ளி இல்லை, கிளினிக்கும் இல்லை. விருந்தாளி வரும்போது பின் அறை. ஆய்வுமேசை சொன்ன அதேதான், நான் அதை அவர்களிடம் சொல்லவே இல்லை. ஸுலு அம்மா ஒருவரின் மகள்தான் முதலில் சிலை அமைத்தாள், மூன்று பேரைச் சிரித்துக்கொண்டு சோபாவில் உட்கார வைத்துவிட்டுத் தன்னைக் கதவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். இதைக் குடும்பத்தார் முன்னால் எப்படி நடிப்பது என்பதில்தான் இப்போது சண்டை. இரண்டு பேர் கூடவே கூடாது என்கிறார்கள், ஒருத்தி அவர்களைத் தவிர வேறு யார் முன்னால் நடிப்பது என்கிறாள். ஃபீனிக்ஸ் தம்பி, அடுத்த சனிக்கிழமை வர முடியுமா? கூட்டிவர ஏற்பாடு செய்கிறோம், நாற்காலி ஏறுகிற வண்டிதான்.

---

ஃபீனிக்ஸ் பையன் பதில்:

வருகிறேன். வண்டி எத்தனை மணிக்கு?